பம்பாஸ் புல் நுனி கருகுகிறது: பூஞ்சையா, தண்ணீரா?

கேள்வி, 8 பிப்ரவரி 2025

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு, நான்காவது மாடி, தெற்குப் பார்த்த பால்கனி. செப்டம்பரில் சர்ஜாபூர் ரோட்டு நர்சரி ஒன்றில் வெள்ளைக் குஞ்சம் விடும் அலங்காரப் புல்லான பம்பாஸ் புல் இரண்டு வாங்கினேன். 14 அங்குலத் தொட்டி. முதல் இரண்டு மாதம் தளதளவென்று இருந்தது. இப்போது இலை நுனியெல்லாம் பழுப்பு. தினமும் தண்ணீர் விடுகிறேன், பதினைந்து நாளுக்கு ஒரு முறை உரமும் போடுகிறேன். தோட்டக்காரர் பூஞ்சை என்று மருந்து அடித்துவிட்டுப் போனார், பலன் இல்லை. வீட்டில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். இங்கே யாராவது வளர்க்கிறீர்களா?

9 பிப்ரவரி 2025

வளர்க்கிறேன். ராமமூர்த்தி நகரில், காம்பவுண்டு சுவரை ஒட்டி மூன்று தூர், 2021-லிருந்து. தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் பழுப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெயரைக் கேட்டு ஏதோ வெளிநாட்டு அதிசயம் என்று நினைக்கிறோம், ஆனால் இது கரும்பின் உறவுதான். அப்பா மோகனூர் பக்கம் கரும்பு போட்டவர். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் ஆள் விட்டுச் சோகை, அதாவது காய்ந்த இலை, உரிப்பார். அடியில் இருக்கும் இலை காய்வதும் மேலே புது இலை வருவதும் கரும்பின் இயல்பு, அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. பம்பாஸ் புல்லும் அப்படியே. வெளிவட்டத்தில் இருக்கும் பழைய இலை முழுசாகக் காய்ந்து தொங்கினால் அது சோகை, அவ்வளவுதான். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்து, அடியில் அழுகல் வாடை அடித்தால் அது ஆபத்து. இந்த இரண்டும் இல்லாமல் நுனி மட்டும் கருகினால் கதை வேறு.

தினமும் தண்ணீர் என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். இது அர்ஜென்டினா, உருகுவே புல்வெளிகளின் புல். வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்கும், ஆனால் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. தொட்டியில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். ஒரு படம் போடுங்கள், நடுக்குருத்து தெரிகிற மாதிரி.

9 பிப்ரவரி, இரவு

ஒன்று சொல்ல மறந்தேன். உரத்தை இன்றே நிறுத்துங்கள். காய்கிற செடியைப் பார்த்ததும் உரம் போடத்தான் கை போகும், ஆனால் வேர் வருத்தத்தில் இருக்கும்போது போடும் உரம் உப்பாகத்தான் சேரும்.

11 பிப்ரவரி 2025

படம் பார்த்தேன். நேற்று முன்தினம் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். இது அதிகத் தண்ணீர் ஆகத் தெரியவில்லை. நடுக்குருத்து நல்ல பச்சை, அடி உறுதியாக இருக்கிறது. நுனியில் இரண்டு மூன்று அங்குலமும் ஓரமும் மட்டும் பழுப்பு, பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. புள்ளி இல்லை, வளையம் இல்லை. பூஞ்சை பெரும்பாலும் இப்படி எல்லா இலையிலும் நுனியை மட்டும் அளந்து எடுத்ததுபோல் வராது.

படத்தோடு எழுதியிருந்தீர்கள்: "எங்கள் அபார்ட்மெண்டில் சாஃப்ட்னர் இருக்கிறது, உப்புத் தண்ணீர் இல்லை, அதனால் தண்ணீர்மேல் தப்பு இருக்காது." சாஃப்ட்னர் என்றால் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின். எனக்குப் பொறி தட்டியதே அந்த வரியில்தான். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

2024 மார்ச் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஊர் முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு, குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு. அதுவரை காவிரித் தண்ணீர் விட்டு வளர்த்த செடிகளை போர்வெல்லுக்கு மாற்றினோம். போர்வெல் தண்ணீரால் குழாய், பக்கெட், கெய்சர் எல்லாவற்றிலும் வெள்ளை படிந்தது. ஏப்ரலில் ஒரு சாஃப்ட்னர் வைத்தோம். மே கடைசிக்குள் மூன்று தூரிலும் நுனி பழுப்பு. உங்கள் படத்தில் இருக்கும் அதே பழுப்பு, அதே மஞ்சள் கோடு. நானும் பூஞ்சை என்றுதான் நினைத்தேன். மருந்தும் அடித்தேன்.

ஜூனில் மழை வந்தது. திறந்தவெளியில் இருந்த இரண்டு தூரில் புது இலை சுத்தமாக வந்தது. சன்ஷேடுக்கு அடியில், மழை படாத இடத்தில் இருந்த மூன்றாவது தூரில் மட்டும் புது இலையும் நுனி கருகியே வந்தது. ஒரே மண், ஒரே நாள் நட்டது, ஒரே கை தண்ணீர் ஊற்றியது. பூஞ்சையாக இருந்தால் மழையில் நனைந்ததுதான் மோசமாகியிருக்க வேண்டும். இங்கே தலைகீழாக நடந்தது. மழை எதையோ கழுவிக்கொண்டு போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. மாதாமாதம் மூட்டையாக உப்பு வாங்கிக் கொட்டுவது அதற்குத்தான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். கடினத்தன்மை 400 உள்ள போர்வெல் என்றால் 184. சோப்பு நுரைக்கும், துணி மெத்தென்று இருக்கும், சரி. செடி என்ன செய்யும்? வேர் உறிஞ்சிய தண்ணீர் இலை நுனி வரை போய் ஆவியாகிறது. கூடப் போன உப்பு ஆவியாகாது. நாளுக்கு நாள் நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்து, அந்த இடம் முதலில் கருகுகிறது.

அப்பா உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு என்பார். உவர் நிலத்தில் வெள்ளை பூக்கும். களர் நிலத்தில் தண்ணீர் இறங்காது, மண் சிமெண்ட்போல இறுகும். சோடியம் ஏறிய தொட்டி ஒரு குட்டிக் களர் நிலம்.

12 பிப்ரவரி 2025

பானஸ்வாடி நண்பருக்கு: "டிடிஎஸ் பேனா வைத்துப் பார்த்தேன், சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் ஒரே எண்தான், மெஷின் பழுது போல" என்கிறீர்கள். பழுதில்லை. டிடிஎஸ் பேனா தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று பிரித்துச் சொல்லாது. கால்சியம் போய் சோடியம் வந்தால் எண் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அதனால்தான் "டிடிஎஸ் 500-க்குள் இருக்கிறது, குடிக்கவே தகும்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நம் உடம்புக்குச் சரியாக இருப்பது தொட்டிக்குள் அடைந்து கிடக்கும் வேருக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

குழாயில் வெள்ளை படியவைக்கும், சாஃப்ட்னருக்குள் போகாத போர்வெல் தண்ணீர் சாஃப்ட்னர் தண்ணீரைவிட செடிக்கு நல்லது. தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி படியும், பார்க்க அசிங்கம், ஆனால் கால்சியம் இருந்தால் மண் பொலபொலவென்று இருக்கும்.

15 பிப்ரவரி 2025

சரி, தொட்டி மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவும் முறை. பல பேர் கேட்டுவிட்டீர்கள்.

தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஒரே மூச்சில் கொட்டாமல் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றி, அடியோட்டை வழியாக ஓடவிட வேண்டும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள், விட்டால் செடி அதையே திரும்ப உறிஞ்சும். அதற்கு முன் மண்ணின் மேல் இரண்டு தேக்கரண்டி ஜிப்சம் தூவி லேசாகக் கிளறிவிடுங்கள். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், பிறகு தண்ணீர் அதை வெளியே தள்ளும். களர் முறிக்க வயலில் மூட்டை மூட்டையாகப் போடுவதுதான், இங்கே தேக்கரண்டி.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? நான்காவது மாடியில் இது நியாயமான கேள்வி. மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. பிப்ரவரியில் கிடைக்காது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் உப்பு அநேகமாக இல்லை. சாஃப்ட்னருக்குப் போகாத தனி லைன் இருக்கிறதா என்று பிளம்பரிடம் கேளுங்கள், பல கட்டிடங்களில் தரைத்தளத் தோட்டக் குழாய் அப்படி இருக்கும். ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். வீணாகிறதே என்று மனசு கேட்காமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. அது உப்பு இன்னும் செறிந்த தண்ணீர். வாசல் கழுவ, தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

பால்கனியில் ஓடவிட்டால் கீழ்வீட்டு வடகத்தின் மேல் விழும். தொட்டியை பாத்ரூமுக்குள் இழுத்துச் சென்று செய்யுங்கள்.

16 பிப்ரவரி

கருகிய நுனியை வெட்டலாமா என்று கேட்டால், வெட்டலாம். ஆனால் பச்சைவரை போகாதீர்கள். ஒரு நூல் பழுப்பை விட்டு வெட்டினால் வெட்டிய இடம் மறுபடி காயாது. கருகினது பச்சையாகத் திரும்பாது, அதை எதிர்பார்த்து தினமும் போய்ப் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியது புதுக் குருத்தை.

2 மார்ச் 2025

ஹொரமாவிலிருந்து ஒருவர், மூன்று வருடத் தூரை அடியோடு வெட்டினால் புதுசாக வருமா என்று கேட்டிருக்கிறார். இதில் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் பதில் சொல்வது சரியாக இருக்காது.

2023 பிப்ரவரியில் முதல் தூரை வெட்டினேன். கரும்பு பார்த்து வளர்ந்த கண் எனக்கு. கரும்பு வெட்டி முடிந்ததும் கட்டையைத் தரையோடு சீவிவிடுவார்கள், மறுதாம்பு, அதாவது அதே கட்டையிலிருந்து அடுத்த பயிர், கிளம்பும். அதே நினைப்பில் பம்பாஸ் புல்லையும் தரையோடு சீவினேன். சுற்றிலும் வளையம்போலத் துளிர் வந்தது, நடு மொட்டையாக நின்றது. இன்றும் அந்தத் தூருக்கு நடுவில் ஒரு கைப்பிடி அளவு வெற்றிடம் இருக்கிறது. கரும்புக்கு மொட்டு மண்ணுக்குள் கணுவில் இருக்கிறது, சீவினால் அங்கிருந்து கிளம்பும். பம்பாஸ் புல்லின் வளர்நுனிகள் தூரின் தலையில், மண்மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ இருக்கின்றன. தரையோடு சீவினால் அதையே வெட்டிவிடுகிறோம். அதனால் 30 முதல் 45 செமீ விட்டு வெட்டுங்கள். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம், வெயில் ஏறிப் புது வளர்ச்சி வருவதற்குச் சற்று முன்பு, நம் ஊருக்கு ஏற்ற நேரம். மழைக்காலத்தில் வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் நின்று அழுகும்.

ஒரு கயிற்றால் தூரை இடுப்புயரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு வெட்டினால் குப்பை சிதறாது. கட்டுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். அடர்ந்த தூருக்குள் ஓணான் இருக்கும், சிட்டுக்கூடு இருக்கும், தரைவீடு என்றால் பாம்பும் இருக்கலாம். கூட்டில் குஞ்சு இருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள், புல் ஓடிப்போகாது.

ஒயிட்ஃபீல்டு தோழிக்கு: உங்கள் செடி இன்னும் குழந்தை, இதெல்லாம் இப்போது வேண்டாம்.

2 மார்ச், மாலை

கை உறையைச் சொல்லாமல் விட்டேன். முழங்கை வரை மூடும் தடித்த உறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. இலை ஓரத்தில் ரம்பம்போல சிலிக்கா பற்கள் இருக்கின்றன. தாவரவியலில் இதற்குக் கோர்ட்டடேரியா என்று பெயர், வெட்டு என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. கரும்புச் சோகை கையைக் கீறிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழந்தைகள் ஓடும் நடைபாதை ஓரத்தில் நடவே நடாதீர்கள்.

13 ஏப்ரல் 2025

தோழியின் புதுப்படம். புதுக்குருத்து மூன்று, நுனி சுத்தம்! படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், மனசு நிறைந்தது.

ஆனால் பழைய இலைகளில் சாம்பல் பூத்த மாதிரி நுண்புள்ளிகள் தெரிகின்றன. இது உப்பு இல்லை. வெள்ளைத்தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுகிற தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன். ஏப்ரல் வெயிலும் காய்ந்த காற்றும் அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு ஒரு தரம். அடங்கவில்லை என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புத் திரவம், மாலையில் மட்டும். வெயிலில் எண்ணெய் அடித்தால் அதுவே இலையைக் கருக்கும்.

25 மே 2025

இந்த மே மாதம் கொட்டிய மழையைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊர் பட்ட பாடு ஒருபுறம். தோழி வாட்ச்மேன் அண்ணன் உதவியோடு இரண்டு தொட்டியையும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். இதைவிட நல்ல கழுவல் கிடையாது. ஒரே கவலை அடியோட்டை அடைத்துக்கொள்வது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மக்கி இறுகியிருக்கும், குச்சியால் குத்திவிடுங்கள்.

பெல்லந்தூர் நண்பர் சுத்திகரித்த கழிவுநீரைப் பற்றிக் கேட்டிருந்தார். நான் முதலில் "நல்லது, சத்து உண்டு" என்று எழுதிவிட்டு இரவு முழுக்க யோசித்தேன். சத்து உண்டு, உண்மை. ஆனால் கட்டிடம் முழுக்க சாஃப்ட்னர் தண்ணீர் என்றால் அந்த சோடியம் எங்கே போகும்? குளியலறை வழியாகச் சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தான். அங்கே அழுக்கு நீங்கும், சோடியம் நீங்காது. ஆகவே தரையில் இருக்கும் புல்தரைக்குச் சரி, மழை கழுவிவிடும். கூரைக்கடியில் இருக்கும் தொட்டிக்கு வேண்டாம். முந்தைய பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

22 ஜூன் 2025

"நியூசிலாந்தில் தடை செய்த களையை வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களே" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயம். நியூசிலாந்தில் விற்கவும் பெருக்கவும் தடை, கலிபோர்னியாவில் கடலோரம் முழுக்கப் பரவித் தொல்லை. விதை காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். பெண் செடியின் பூக்குஞ்சம் பஞ்சுபோலச் செழித்து இருக்கும், கல்யாண மேடைகளில் வைப்பதும் அதைத்தான். விதை பிடிப்பதும் அதில்தான், பக்கத்தில் மகரந்தம் தரும் செடி இருந்தால்.

எனக்கும் இதில் உறுத்தல் உண்டு. என் வீட்டிலிருந்து கல்கெரே ஏரி தூரமில்லை. ஏரிக்கரையில் ஒரு நாற்றைக் கண்டால் அது என் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. குஞ்சம் விரிந்து பஞ்சாக உதிரத் தொடங்கும் முன்பே வெட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்திவிடுகிறேன். ஒரு வருடம் ஊருக்குப் போன நேரத்தில் தவறவிட்டேன், திரும்பி வந்து ஓடைப்பக்கம் இரண்டு வாரம் தேடினேன். ஏரி, ஓடை, காலி மனை பக்கத்தில் இருப்பவர்கள் புதிதாக நட வேண்டாம் என்பதே இப்போது என் எண்ணம். இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொள்வோம்.

அந்த வெள்ளைக் குஞ்சம்தான் வேண்டும் என்றால் நம் நாணல் இருக்கிறது. திருச்சிப் பக்கம் காவிரி மணலில் அது பூத்து நிற்கும் காலத்தில் ரயில் பாலத்தில் போகும்போது ஜன்னலை விட்டு நகர மாட்டேன். ஆனால் நாணலும் வேரால் ஓடிப் பிடிக்கும் புல், தொட்டியில் அடக்கித்தான் வைக்க வேண்டும். வெறும் பச்சைத் தூர் போதும் என்பவர்களுக்கு வெட்டிவேர். இலை வளைந்து விழும் அழகு பம்பாஸுக்குக் குறைந்ததில்லை.

14 செப்டம்பர் 2025

தோழியின் கடைசிக் கேள்வி: ஒரு வருடம் ஆயிற்று, இலை நன்றாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் விட்டால் தொட்டிக்குள் இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடுகிறது, மறுபடி சோடியமா?

இல்லை, வேர் நிறைந்துவிட்டது. 14 அங்குலத் தொட்டி இதற்கு ஒரு வருடம் தாங்கியதே பெரிது. முழு வளர்ச்சியில் ஆள் உயரத்தைத் தாண்டும் புல் இது. குட்டை ரகமான புமிலாவே நான்கு ஐந்து அடி வரும். இரண்டடி அகலத் தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது மார்ச்சில் தூரைப் பிரியுங்கள். செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுவதானால் தூளைச் சலித்துக் கழுவிவிட்டுப் போடுங்கள், தூளோடு போட்டால் இறுகும். கோகோபீட் சேர்ப்பதானாலும் இரண்டு தண்ணீர் அலசிவிடுங்கள், அதிலும் உப்பு உண்டு.

என் வீட்டில் சன்ஷேடுக்கு அடியில் இருந்த மூன்றாவது தூரை இந்த மார்ச்சிலேயே பிரித்து வெளியே நட்டாயிற்று. கடப்பாரை போட்டுத்தான் பிளக்க முடிந்தது. கிருஷ்ணகிரிக்காரத் தோட்டக்காரத் தம்பி ஒரு துண்டு கேட்டார், "எங்க ஊர்ல ஏரி இல்லைக்கா, பயப்படாதீங்க" என்றார். கொடுத்தேன். நேற்று போனில் படம் அனுப்பியிருக்கிறார், கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறாராம், நுனிவரை பச்சை.